வெளுத்த நாக்கும் செந்தூரமும்

சேரமான் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறையைக் குறுங்கோழியூர் கிழார் பாடிய பாட்டு புறநானூற்றில் 20ஆவதாக இருக்கிறது. அரசனின் காவலைப் புகழ வந்த புலவர், அவன் நாட்டு மண்ணைப் பகைவர் உண்ண முடியாது, வயவு கொண்ட மகளிர் விரும்பி உண்டால்தான் உண்டு என்கிறார். பகைவர் மண்ணுண்பது என்றால் நாட்டைக் கைப்பற்றி அனுபவிப்பது. சூல்கொண்ட பெண் மண்ணுண்பது என்றால் அள்ளி வாயில் போட்டுத் தின்பது. கேட்டவுடன் இந்தப் புகழ்ச்சி விளங்க வேண்டுமானால், கருவுற்ற பெண் மண் தின்பாள் என்பது அவையில் இருந்த அனைவருக்கும் தெரிந்த செய்தியாக இருந்திருக்க வேண்டும். விளக்கம் தேவைப்படாத அளவுக்குச் சாதாரணமான வழக்கம் அது. காளிதாசரின் இரகுவம்சத்திலும் கருவுற்ற சுதட்சிணையின் வாயில் மண்மணம் வீசுகிறது, திலீபன் அதை முகர்ந்து மகிழ்கிறான். இரண்டு மொழிப் பெருங்கவிகளும் மங்கலக் குறியாகக் கண்ட இதை இன்றைய மருத்துவம் வேறு கண்ணோடு பார்க்கிறது. மண், அடுப்புச் சாம்பல், சிலேட்டுக் குச்சி, வேகாத அரிசி, ஐஸ் கட்டி இவற்றின் மேல் அடக்க முடியாத ஆசை எழுவதற்கும் உடலில் இரும்புச்சத்து குறைவதற்கும் நெருங்கிய தொடர்பு உண்டென்று பல நாடுகளில் செய்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அப்படிப் பார்த்தால், சோகையின் வாய்க்குறி ஒன்றைத் தமிழ் ஏறக்குறைய 2000 ஆண்டுக்கு முன்பே எழுதி வைத்துவிட்டது.

இந்தக் குறிகளின் வரலாற்றைப் பெண்ணாடத்திலிருந்து பார்ப்பது பொருத்தம். பழைய தென்னார்க்காடு மாவட்டத்தின் விருத்தாசலம் வட்டாரத்தில், வெள்ளாற்றை ஒட்டிய ஊர் இது. கரும்பும் நெல்லும் விளையும் வயல், முந்திரி நிற்கும் செம்மண் மேடு, பக்கத்து விருத்தாசலத்தில் களிமண்ணை அகலாகவும் பொம்மையாகவும் மின்காப்புப் பொருளாகவும் சுட்டெடுக்கும் பீங்கான் தொழிற்பேட்டை என்று மண்ணாலேயே பிழைக்கும் வட்டாரம். சிவஞானபோதம் தந்த மெய்கண்டார் பிறந்த ஊரும் பெண்ணாடம்தான். அந்த நூல் தன் கருத்து ஒவ்வொன்றையும் மேற்கோள், ஏது, எடுத்துக்காட்டு என்று வரிசையாக நிறுத்தி நிறுவும். இந்தக் கட்டுரையின் மேற்கோளையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரும்புச்சத்துச் சோகை நம்மிடையே ஒருநாளும் ஒளிந்திருக்கவில்லை. அது வாயில் எழுதிக் காட்டிக்கொண்டே இருந்தது. குறியை அறிந்தவர்களும் இருந்தார்கள், மருந்தை அறிந்தவர்களும் இருந்தார்கள். இவர்கள் இருவரும் ஒரே இடத்தில் சந்திக்கவில்லை. நோய் இத்தனை காலம் நீடித்ததற்கு அதுவே பெரிய காரணம். பல் மருத்துவரின் நாற்காலி அந்தச் சந்திப்பு நடக்கக்கூடிய இடம், நாம் அதை இன்னும் பயன்படுத்தவில்லை.

வாய் ஏன் காட்டிக்கொடுக்கிறது என்பதை முதலில் சொல்ல வேண்டும். ஈறு, உதட்டின் உட்புறம், நாக்கு இவற்றை மூடியிருக்கும் சவ்வு மெல்லியது. அடியில் ஓடும் இரத்தத்தின் நிறம் அதன் வழியே தெரியும், ஹீமோகுளோபின் குறைந்தால் அது வெளுத்துவிடும். இது எல்லாச் சோகைக்கும் பொது. இரும்பு குறையும்போது இன்னொன்றும் நடக்கிறது. வாயின் மேற்சவ்வு ஓயாமல் தேய்ந்து ஓயாமல் புதுப்பிக்கப்படுவது. புதிய உயிரணு பிறக்கவும் அது மூச்சுவிடவும் வேண்டிய நொதிகள் பலவற்றுக்கு இரும்பு இன்றியமையாதது. இரும்பு இல்லாதபோது, வேகமாகப் புதுப்பிக்கப்படும் பகுதிதான் முதலில் தளர்கிறது. நாக்கின் மேல் பூவிழைபோல் நிற்கும் நுண்முளைகள் நுனியிலும் ஓரங்களிலும் தொடங்கி மறைகின்றன. நாக்கு வழவழவென்று மழுங்கிப் பளபளக்கிறது. காரம் பட்டால் எரிகிறது, பிறகு காரமில்லாமலே எரிகிறது. கடைவாய் இருபுறமும் வெடித்துப் புண்ணாகிறது, அந்த வெடிப்பில் கேண்டிடா பூஞ்சை குடியேறுகிறது. வாய்ப்புண் ஆறியும் ஆறாமலும் திரும்பத் திரும்ப வருகிறது. சுவை மாறுகிறது. சிலருக்குச் சோற்றுருண்டை தொண்டையில் நின்றுநின்று இறங்குகிறது. இவ்வளவும் ஊசி குத்தாமல், கண்ணால் பார்த்தும் வாயால் கேட்டும் அறியக்கூடியவை.

சித்த மருத்துவம் இதைக் கவனிக்கத் தவறவில்லை. நாடி, பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம் என்ற எண்வகைத் தேர்வில் நாவுக்குத் தனியிடம் உண்டு, நிறத்துக்கும் தனியிடம் உண்டு. நாக்கு மஞ்சளிக்கிறதா, கறுக்கிறதா, வெளுக்கிறதா, வெடிக்கிறதா என்று பார்ப்பது வைத்தியரின் முதல் வேலைகளில் ஒன்று. பாண்டு, வெளுப்பு நோய், சோகை என்ற பெயர்களும் பழையவை. அதைவிட முக்கியம், அந்த நோய்க்கு அவர்கள் கொடுத்தது இரும்பு. அயச்செந்தூரம், காந்தச் செந்தூரம், இரும்புக் கிட்டமாகிய மண்டூரத்தைச் சேர்த்த மருந்துகள், அன்னபேதிச் செந்தூரம் என்று வரிசை நீளும். இவற்றில் அன்னபேதி என் கவனத்தை மிகவும் இழுக்கிறது. பச்சை நிறப் படிகமாகக் கிடைக்கும் அது வேதியியலில் இரும்பின் சல்பேட். பிரான்ஸில் பியேர் புளோ என்ற மருத்துவர் 1830களின் தொடக்கத்தில் வெளுப்பு நோய்க்கு மாத்திரை செய்தபோது கையிலெடுத்ததும் இதே சல்பேட்தான், அதோடு பொட்டாசியம் கார்பனேட்டைச் சேர்த்தார். இன்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் தரும் மாத்திரையிலும் பெரும்பாலும் இரும்பின் சல்பேட்டே இருக்கிறது. புடமிடும்போது செந்தூரத்தில் வேதிமாற்றம் நடக்கிறது, அது உடலில் எவ்வளவு சேரும் என்பது வேறு கேள்வி. எந்த நோய்க்கு எந்த உலோகம் என்ற அடிப்படைத் தேர்வில் மட்டும் பொதிகைக்கும் பாரிஸுக்கும் வேற்றுமை இல்லை.

இங்கே ஓர் எதிர்வாதம் எழும், எழவும் வேண்டும். பழைய நூலில் வரும் பாண்டுவை இன்றைய இரும்புச்சத்துச் சோகையோடு ஒன்றாக்குவது காலக் குழப்பம் இல்லையா? அந்தப் பெயருக்குள் மஞ்சட்காமாலையின் தொடக்கமும் இருக்கலாம், சிறுநீரக நோயின் வீக்கமும் இருக்கலாம், மலேரியாவால் வந்த இரத்தக் குறைவும் இருக்கலாம். உண்மைதான். பாண்டுவும் இரும்புச்சத்துச் சோகையும் ஒன்றென்று சொன்னால் அது தவறு. என் வாதத்துக்கு அவ்வளவு தேவையில்லை. வெளுப்பையும், வாயில் காணும் மாற்றத்தையும், மண்ணுண்ணலையும் ஒன்றோடொன்று சேர்த்துப் பார்க்கும் கண் இங்கே இருந்தது என்பது போதும். சரக சங்கிதை பாண்டுவை ஐந்தாகப் பிரிக்கிறது. நான்கு வகைகள் வாதம், பித்தம், கபம், இம்மூன்றின் கூட்டு ஆகியவற்றால் வருபவை, ஐந்தாவது மண் தின்பதால் வருவது. அதாவது மண்ணுண்ணலைத் தனியொரு காரணமாகவே நிறுத்தி, அதற்கு வெளுப்பை விளைவாகச் சொல்லியிருக்கிறார்கள். ஐரோப்பாவில் இளம்பெண்களின் பச்சைவெளுப்பு நோயை 1554இல் யோகானஸ் லாங்கே விவரித்தார். அந்த நோயாளிகள் சுண்ணாம்பும் கரியும் தின்பதைப் பின்வந்த மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். ஒருவரையொருவர் அறியாத கண்கள் ஒரே ஜோடியைக் கண்டிருக்கின்றன என்றால், அந்த ஜோடியின் அடியில் உடலின் உண்மை ஏதோ இருக்கிறது என்று கருதுவதே நியாயம்.

அப்படியானால் அறிவு எங்கே அறுந்தது? மசக்கைக்கு மண் தின்னும் பெண் வைத்தியரிடம் போகவில்லை. ஆசை என்றால் அது குழந்தையின் ஆசை, கொடுத்தால் நல்லது என்று தாயும் மாமியாரும் எடுத்துக் கொடுத்தார்கள். குறி பெண்களின் அடுக்களைக்குள் மங்கலமாகவே தங்கிவிட்டது. செந்தூரம் வைத்தியரின் சிமிழில் இருந்தது, அதைப் பெறும் வசதியும் வாய்ப்பும் பெரும்பாலும் வீட்டின் ஆண்களுக்கு. கூலிவேலைக்குப் போன பெண்ணுக்கு நாக்கு எரிந்தால் அது உடற்சூடு, உதடு வெளுத்தால் அது அவள் வாகு. இந்த எண்ணம் இன்றும் சாகவில்லை.

பிரிட்டிஷ் ஆட்சி வந்தபோதும் குறி மருந்தைச் சந்திக்கவில்லை, அருங்காட்சியகத்துக்குப் போனது. சென்னை அருங்காட்சியகத்தின் தலைவராக இருந்த எட்கர் தர்ஸ்டன் 1906இல் வெளியிட்ட தென்னிந்திய இனவரைவியல் குறிப்புகளில் மண் தின்பதற்கென்றே ஓர் இயல் இருக்கிறது. அதே 1906இல் டேவிட் ஹூப்பரும் ஹெரால்டு மேனும் இந்தியாவில் மண் தின்னும் பழக்கம் பற்றி வங்காள ஆசியச் சங்கத்தின் வெளியீட்டில் விரிவாக எழுதினார்கள். உழைத்துத் திரட்டிய ஆவணங்கள் இவை, இவற்றை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் தர்ஸ்டனின் நூலில் இந்த இயல் இருப்பது தீமிதி, செடில், பெயரிடும் வழக்கம் போன்றவற்றின் நடுவே. அவருக்கு அது ஒரு மக்கள் கூட்டத்தின் விந்தை. தின்ற பெண்ணின் இரத்தத்தில் என்ன குறைகிறது என்ற கேள்வி அந்தத் தலைப்பின் கீழ் எழ இடமில்லை. அந்தக் கேள்வியை உலகம் பின்னால்தான் கேட்டது. ஈரானின் ஷிராஸ் நகரில் மண் தின்ற இளைஞர்களிடம் கடும் இரும்புக் குறைவும் வளர்ச்சித் தடையும் இருப்பதை ஆனந்த பிரசாத்தும் உடனிருந்தவர்களும் 1961இல் எழுதினார்கள். துருக்கியில் மக்கள் தின்னும் களிமண், உணவிலுள்ள இரும்பைக் குடல் உறிஞ்சவிடாமல் பிடித்துக்கொள்கிறது என்று 1968இல் மின்னிக் குழுவினர் காட்டினார்கள். இரும்பு குறைவதால் மண் மேல் ஆசை, மண் தின்பதால் இரும்பு மேலும் குறைவு. சரகர் ஒரு திசையை மட்டும் கண்டிருந்தார், சுழல் முழுமையாகத் தெரிய 20ஆம் நூற்றாண்டு ஆயிற்று. தின்பவரின் பல்லும் தேய்ந்துபோகிறது என்பதால் இந்தச் சுழலைப் பல் மருத்துவர் பல்லிலேயே பார்க்கலாம். பீங்கான் மண்ணை நாளும் கையாளும் ஒரு வட்டாரத்துக்கு இதை எடுத்துச் சொல்வது கூடுதல் கடமை.

இரத்தம் போன வழியையும் சொல்லாமல் முடியாது. வெறுங்காலோடு ஈர வயலில் நிற்பவர்களின் பாதத்தோலைத் துளைத்து நுழையும் கொக்கிப்புழு, சிறுகுடலில் பற்றிக்கொண்டு நாள்தோறும் இரத்தம் குடிக்கும். ராக்பெல்லர் அறக்கட்டளை 1916 முதல் இலங்கைத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளரிடையேயும், 1920களில் சென்னை மாகாணத்திலும் கொக்கிப்புழு ஒழிப்பில் இறங்கியது. புழு மருந்து கொடுத்தார்கள், கழிப்பறை கட்டச் சொன்னார்கள். புழு வெளியேறியது, இழந்த இரும்பு திரும்பவில்லை. இரும்பை மீட்டுக் கொடுக்கும் வேலை அந்தத் திட்டங்களின் மையத்தில் இல்லை. வெறுங்காலோடு வயலில் இறங்கியவர் மறுபடியும் புழுவைப் பெற்றார்.

அடுத்த அத்தியாயம் நம் மாநிலத்துக்குப் பெருமை தருவது. லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1928இல் பம்பாய்க்கு வந்து, கர்ப்பிணிகளான ஆலைத் தொழிலாளரின் கடும் சோகையை ஆராய்ந்தார். பிறகு குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் வேலை செய்தார். 1931இல் சென்னைத் திருவல்லிக்கேணியில் கோஷா ஆஸ்பத்திரி என்று மக்கள் அழைக்கும் இன்றைய கஸ்தூரிபா காந்தி மருத்துவமனையில் இருந்தார். ஈஸ்ட் சாறான மார்மைட் அந்தச் சோகையைத் தீர்ப்பதைக் கண்டு அதே ஆண்டு வெளியிட்டார். ஃபோலிக் அமிலத்தைக் கண்டறியும் பாதை அங்கே திறந்தது. அந்தச் சோகை இரும்புக் குறைவால் வந்ததன்று, அதில் சிவப்பணு பெருத்துப்போகும், இரும்புக் குறைவில் சிறுத்துப்போகும். ஆனால் நாக்கு இரண்டிலும் புண்ணாகும். வில்ஸின் வேலை நமக்குத் தரும் பாடம் இந்த இடத்தில்தான் இருக்கிறது. எரியும் நாக்கைக் கண்டு உடனே இரும்பு மாத்திரை எழுதிவிடக் கூடாது, இரத்தத்தைப் பார்த்துவிட்டே எழுத வேண்டும்.

இதே குன்னூரிலிருந்து என் மேற்கோளுக்கு எதிரான மிக வலுவான சான்றும் வருகிறது. அங்கிருந்த ஊட்டச்சத்து ஆய்வகத்தின் இயக்குநர் அய்க்ராய்டும் அவருடன் கிருஷ்ணன் என்பவரும் தென்னிந்தியப் பிள்ளைகளின் கடைவாய்ப் புண்ணையும் நாக்குப் புண்ணையும் ஆராய்ந்து 1936இல் எழுதினார்கள். வைட்டமின் பி2 தொகுதியின் குறைவே காரணம் என்பது அவர்கள் முடிவு. தீட்டிய அரிசியே பெருமளவு உணவாகவும், பாலும் பருப்பும் கீரையும் அரிதாகவும் இருந்த வீடுகளில் இந்தப் புண் மலிந்திருந்தது. அப்படியானால் கடைவாய் வெடிப்பைச் சோகையின் குறி என்பது எப்படி? பொய்ப்பல் பொருந்தாமல் வாய் மடிந்தவருக்கும், சர்க்கரை நோயாளிக்கும்கூட அது வரும். இந்த மறுப்பை நான் முழுமையாக ஏற்கிறேன். வாய்க்குறி எதுவும் தனியே நின்று இரும்புக் குறைவை நிறுவாது. ஆனால் குறிக்கு இருக்கும் வேலை நிறுவுவது இல்லை, தேடச் சொல்வது. பி2 குறைந்த தட்டில் இரும்பும் குறைந்தே இருக்கும், வறுமை வைட்டமினைத் தனியாக எடுத்துக்கொண்டு போவதில்லை. கடைவாய் வெடித்த பத்துப் பேருக்கு இரத்தம் சோதித்தால் எத்தனை பேருக்கு எந்தக் குறைவு என்று சோதனை சொல்லிவிடும். சோதிக்காமல் மருந்துக்களிம்பு தடவி அனுப்பினால் எதுவும் தெரியாது. அய்க்ராய்டின் முடிவு வாயைப் பார்க்கும் வழக்கத்துக்கு எதிரானதன்று. பள்ளிப் பிள்ளையின் கடைவாயைப் பார்த்தே ஒரு மாகாணத்தின் சாப்பாட்டைப் படித்த மனிதர் அவர். அந்த ஆய்வகம் 1950களின் இறுதியில் ஹைதராபாத்துக்குப் போய் இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாயிற்று.

இரும்புக்கும் மேற்சவ்வுக்கும் உள்ள நேர் உறவை உறுதியாக்கியவர்கள் ஐரோப்பியர்கள். 1919இல் பிரிட்டனில் பேட்டர்சன், பிரவுன் கெல்லி இருவரும் தனித்தனியாக, விழுங்கத் தொல்லைப்படும் நடுவயதுப் பெண்களைப் பற்றி எழுதினார்கள். வழவழத்த நாக்கு, வெடித்த கடைவாய், வெளுத்த முகம் என்று ஒரே வார்ப்பில் இருந்தார்கள் அந்தப் பெண்கள். அமெரிக்காவில் பிளம்மர், வின்சன் பெயர்களால் அறியப்படுவதும் இதே நிலைதான். 1938இல் சுவீடனின் யான் வால்டன்ஸ்ட்ரோம் இரும்பும் மேற்சவ்வும் பற்றி எழுதியபோது, ஹீமோகுளோபின் தாழ்வதற்கு முன்பே இரும்புக் குறைவு சவ்வில் தெரியலாம் என்று காட்டினார். எனக்கு இதுவே முழு வரலாற்றின் மையப் புள்ளி. சோகை என்ற சொல்லுக்கு நாம் கொடுத்த எல்லைக்கோட்டை இரத்தம் தொடுவதற்குள்ளாகவே சிலருக்கு நாக்கு பேசத் தொடங்கிவிடுகிறது. இந்தப் பெண்களுக்குத் தொண்டையிலும் உணவுக்குழாயின் மேற்பகுதியிலும் புற்றுநோய் வரும் வாய்ப்பு கூடுதல் என்பதால், எரியும் நாக்கை அசட்டை செய்வதற்குக் கொடுக்கும் விலை சில நேரம் மிகப் பெரியது.

நம் ஊரில் இந்தக் குறிகள் மறைந்துபோவதற்கு ஒரு திரை இருக்கிறது. வெற்றிலையும் பாக்கும் சுண்ணாம்பும் சிவக்க வைத்த வாயில் வெளுப்பு தெரியாது. புகையிலையும் சேர்ந்தால் எரிச்சலுக்குக் காரணம் தெரிந்துவிட்டதாக எல்லோரும் நினைத்துக்கொள்வார்கள். பாக்கு மெல்வோருக்கு வரும் வாய்ச்சவ்வு இறுக்க நோய் சவ்வை வெண்மையாகவும் விறைப்பாகவும் ஆக்கும், நாக்கின் முளைகளையும் அழிக்கும். கென்யாவில் வாழ்ந்த இந்தியப் பெண்கள் ஐவரிடம் 1952இல் ஷ்வார்ட்ஸ் முதன்முதல் விவரித்த நோய் அது. அந்த நோயாளிகளில் இரும்புக் குறைவும் அடிக்கடி காணப்படுகிறது. இதில் எது முந்தியது, எது பிந்தியது என்பது இன்னும் வழக்கிலிருக்கும் கேள்வி. இதையே காட்டி, கறை படிந்த, கருமை கலந்த நம் ஈறுகளில் வெளுப்பைக் கண்டறிவது நம்ப முடியாத வேலை என்பார்கள். ஓரளவு சரி. லேசான சோகையைக் கண்ணால் பிடிக்க முடியாது, அனுபவமுள்ள இருவர் ஒரே நோயாளியைப் பார்த்து இருவேறு முடிவு சொல்வதும் உண்டு. ஆகவே நிறத்தை மட்டும் நம்பக் கூடாது. நாக்கின் மேற்பரப்பைப் பார்க்க வேண்டும், எரிகிறதா, விழுங்க முடிகிறதா, மண்ணோ சாம்பலோ ஐஸோ தின்ன ஆசை வருகிறதா என்று கேட்க வேண்டும். கடைசிக் கேள்வியை நம் மருத்துவர்கள் கேட்பது மிகக் குறைவு. பெண்கள் வெட்கப்பட்டு மறைக்கும் பழக்கம் அது, கேட்காமல் சொல்ல மாட்டார்கள்.

சுதந்திர இந்தியா மருந்தைக் குறியைவிட வேகமாகக் கிராமத்துக்கு அனுப்பியது. 1970இல் தொடங்கிய தேசிய ஊட்டச்சத்துச் சோகைத் தடுப்புத் திட்டம் கர்ப்பிணிகளுக்கு 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் கொண்ட மாத்திரையைக் கொடுத்தது. 1990களில் இரும்பின் அளவு 100 மில்லிகிராம் ஆயிற்று. 2013இல் வளரிளம் பருவத்தினருக்கு வாரம் ஒரு மாத்திரை வந்தது. 2018இல் அனீமியா முக்த் பாரத் வந்து, குழந்தை, வளரிளம் பருவம், கர்ப்பிணி, பாலூட்டும் தாய், கருவுறும் வயதுப் பெண் என்று வட்டத்தை விரித்தது. ஆனாலும் 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்குச் சோகை. முந்தைய 2015–16 கணக்கெடுப்பில் அது 55 விழுக்காடு. இவ்வளவும் இரும்புக் குறைவு இல்லை என்பது சரியே, அதற்காக மனம் ஆறுவதற்கில்லை. மாத்திரை வயிற்றைப் புரட்டுகிறது, மலம் கறுக்கிறது, மலச்சிக்கல் வருகிறது, அதனால் பலர் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். சாப்பிட்ட கையோடு குடிக்கும் தேநீர் இரும்பை உறிஞ்சவிடுவதில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, திட்டம் வயதையும் கர்ப்பத்தையும் பார்த்தே மாத்திரை தருகிறது. 50 வயதைக் கடந்த பெண் அந்த வட்டத்துக்குள் இல்லை. மூலத்தில் இரத்தம் போகும் ஆணும் இல்லை. இவர்கள் தங்களுக்குச் சோகை என்று எந்த வாசலுக்கும் போவதில்லை. பல்வலிக்கு மட்டும் கட்டாயம் போகிறார்கள்.

பல் மருத்துவம் நம் மாநிலத்தில் தனிக் கல்லூரியாக 1953இல் சென்னையில் காலூன்றியது. பெண்ணாடத்தார் எளிதில் போகக்கூடிய அண்ணாமலை நகரில் ராஜா முத்தையா பல் மருத்துவக் கல்லூரி 1980இல் வந்தது. தனித்துறையாக வளர்ந்ததால் பல்லுக்குக் கிடைத்த நன்மை பெரிது. ஆனால் எண்வகைத் தேர்வில் ஒரே வைத்தியர் பார்த்த நாவும் நிறமும் இப்போது இரண்டு கட்டடங்களுக்குப் பிரிந்துபோயின. இரத்தம் பார்ப்பது பல் மருத்துவரின் வேலையா என்று கேட்பவர்கள் உண்டு. பல் பிடுங்கும் முன் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் கேட்பவருக்கு ஹீமோகுளோபின் கேட்பது அன்னியமானதன்று. கடும் சோகையில் மயக்க மருந்தும் அறுவையும் ஆபத்தைக் கூட்டும், ஆகவே அது அவருடைய சொந்த வேலையும்கூட. பாடநூலில் வாய்க்குறிகள் எல்லாம் இருக்கின்றன, மாணவர்கள் தேர்வுக்கும் எழுதுகிறார்கள். தைவானில் 2014இல் வெளியான ஓர் ஆய்வு, வாய்நோய்ப் பிரிவில் இரும்புச்சத்துச் சோகையுடன் இருந்த 75 பேரைப் பார்த்தது. அவர்களில் ஏறக்குறைய முக்கால்வாசிப் பேருக்கு வாய் எரிச்சல், கால்வாசிப் பேருக்கு மழுங்கிய நாக்கு. இவர்கள் பெரிய மருத்துவமனையின் வாய்நோய்ப் பிரிவுக்கு வந்துசேர்ந்தவர்கள், ஊரில் இருக்கும் எல்லாச் சோகை நோயாளிகளுக்கும் இந்தக் கணக்கைப் பொருத்த முடியாது. ஆனால் பல் நாற்காலிக்கும் அப்படி வந்துசேர்ந்தவர்களே வருகிறார்கள் என்பதால் நம் கேள்விக்கு இந்தக் கணக்கு பொருந்துகிறது. செலவு கூடும் என்ற தயக்கத்துக்கும் விடை எளிது. அரசு மருத்துவமனையில் ஹீமோகுளோபின் சோதனைக்குக் கட்டணம் இல்லை, ஒரு துண்டுச் சீட்டில் எழுதிப் பக்கத்து அறைக்கு அனுப்பினால் போதும்.

விருத்தாசலம் வட்டாரத்திலும் அதற்கு அப்பாலும் பல் மருத்துவம் செய்பவர்களிடம் கேட்பது இதுதான்: சொத்தைப் பல்லைப் பார்த்துக் கண்ணாடியை வெளியே எடுக்கும் முன், நாக்கை நீட்டச் சொல்லி ஒருமுறை பாருங்கள், மண் தின்னும் ஆசை உண்டா என்று கூச்சம் போகும்படி கேளுங்கள், ஐயம் வந்தால் இரத்தச் சோதனைக்கு எழுதுங்கள். வாசகரிடமும் ஒன்று. நாக்கு வாரக்கணக்கில் எரிந்தாலோ, கடைவாய் ஆறாமல் வெடித்தாலோ, வீட்டில் யாரேனும் சாம்பலும் சிலேட்டுக் குச்சியும் மறைவாகத் தின்றாலோ, அதை உடற்சூடு என்றும் மசக்கை என்றும் விட்டுவிடாமல் ஹீமோகுளோபின் பார்க்கச் சொல்லுங்கள். பெண்களுக்கு 12 கிராமுக்கும், கர்ப்பிணிகளுக்கு 11 கிராமுக்கும், ஆண்களுக்கு 13 கிராமுக்கும் கீழே இருந்தால் சோகை. அளவு சரியாக இருந்தும் நாக்கு மழுங்கியே இருந்தால், இரும்பின் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் சோதனையையும் கேட்டு வாங்குங்கள்.